பத்து தீகாவில் இறங்குகிறவர்கள்

அன்பு மகன் மார்வினுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் நான் இங்கே முழங்கால் வலி நீங்கலாக எல்லா வகையிலும் சுகம். நீயும் கிறிஸ்டினும் பிள்ளைகள் இருவரும் அந்தப் பெர்த் குளிரில் சளி பிடிக்காமல் சுகமாக இருக்கவேண்டும் என்று காலை ஜெபத்தில் உங்களைப் பெயர் பெயராகச் சொல்லி ஒப்புக்கொடுக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ ஓகே மா, ஓகே மா என்று முடித்து வைத்துவிடுகிறாய். இதை நீ கடைசி வரி வரை கேட்க வேண்டும், கடிதத்தை யாரும் பாதியில் மறிக்க முடியாது. பெர்னிஸ் இதைப் படம் பிடித்து இந்த நிமிடமே அனுப்புகிறேன் என்கிறாள், நான் ஒப்புக்கொள்ளவில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக் கொடுத்தது தபால் தலை ஒட்டி அனுப்புவதற்குத்தான்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டை வீட்டுக்காரர் திரும்பக் கேட்டதும் நான் பெர்னிஸ் வீட்டுக்கு வந்தது கொஞ்ச காலத்துக்கு என்றுதான். அதற்குள் நீ, பெர்த்துக்கே வந்துவிடுங்கள், இங்கேயே கடைசிவரை இருந்துவிடுங்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன் அவசரம் எனக்குத் தெரியாதா? அப்பா போனபோது நீ விமானம் கிடைத்து வந்து இறங்கி, தனியாக டாக்சி பிடித்துக் கல்லறைக்கு வந்தாய், அதற்குள் மண் போட்டு மூடியாயிற்று. அதைப்பற்றி நீ இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, ஆனால் நான் ஒரு தடவை போன் எடுக்காவிட்டால் பெர்னிசை ஆபீசில் கூப்பிட்டு விரட்டுகிறாயே, அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். என் பங்குக்கு நானும் எண்ணெய் ஊற்றினேன். இந்த ஊரில் நான் செத்தால் பெட்டியைத் தூக்க நான்கு பேர் கிடைக்க மாட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன். அதைக் கேட்ட பிறகுதான் நீ விசா வேலையைத் தொடங்கினாய். அப்படிச் சொன்னவள் நான் என்பதால் இப்போது பதிலையும் நானே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பத்து தீகாவை நீ பார்த்ததில்லை. கிள்ளானுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் உன் அப்பா தூக்கம் கலைந்து எங்கே வந்திருக்கிறோம் என்று கேட்கும் இடம், எனக்கும் அவ்வளவுதான் தெரியும். மலாயில் பெயரின் அர்த்தமே மூன்றாவது மைல்கல் என்பதுதான், எங்கிருந்து மூன்றாவது என்று நான் கேட்காத ஆளில்லை, ஒருவருக்கும் தெரியவில்லை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில் இப்படி எத்தனையோ ஊர்கள், எல்லாம் ஒரே மாதிரி அடுக்குமாடி, ஒரே மாதிரி கொடித்துணி. பெர்னிஸ் இங்கே வீடு வாங்கியதற்குக் காரணம் அவளுக்கு கேஎல்லில் வேலை, மாப்பிள்ளை வாலண்டைனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் வேலை, நடுவில் ஒரு இடம் வேண்டும். விசாரித்துப் பார்த்தால் இந்தக் கட்டடத்தில் பாதிக் குடும்பங்கள் அந்த ஒரே காரணத்துக்காக வந்தவர்கள்தான். எங்கள் பால்கனியில் நின்றால் ஸ்டேஷனும் பாலமும் இரண்டு மேடையும் தெரியும். விடிந்தும் விடியாமலும் ஊரே பாலத்தில் ஏறும். நடுவில் வந்ததும் கணவன் ஒரு படியில் இறங்குவான், மனைவி மறு படியில் இறங்குவாள். பெர்னிசும் மாப்பிள்ளையும் தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் ஒருவர் இந்தப்பக்கம் ஒருவராக நின்று போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். எந்த ரயில் முதலில் வருகிறதோ அது வந்து ஒருவரை மறைத்துவிடும்.

பிரிக்பீல்ட்ஸில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்தக் கோயில், யார் பிள்ளை என்று கேட்போம். இங்கே லிப்டில் ஏறியதும் கேட்பது, "ஆன்டி, நீங்க எந்தப் பக்கம்?" கேஎல் பக்கமா, கிள்ளான் பக்கமா என்று அர்த்தம். ஒரு மனிதருக்குச் சாதி, சபை, சொந்த ஊர் எதுவும் வேண்டாம், பக்கம் தெரிந்தால் போதும். கேஎல்லையும் தாண்டி ரவாங் வரைக்கும் போகிறவர்களையும் கேஎல் பக்கம் என்றே சேர்த்துக்கொள்வார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்றேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து ஐயோ பாவம் என்று தலையாட்டினாள், எனக்குக் கோபம் வந்தது. மாலையில் பாலத்தின் மேல் இன்னொரு வேடிக்கை. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் நின்று பைகளை மாற்றிக்கொள்வார்கள், ஒரு பேச்சுமில்லை, பையைக் கொடுத்துப் பையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இது ஏதோ கடத்தல், போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் பெர்னிசிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து, "அம்மா, அது நண்டு லா" என்றாள். துறைமுகப் பக்கம் போகிறவர் நண்டும் மீனும் வாங்கி வருவார், கேஎல் பக்கம் போகிறவர் பெரிய ஆஸ்பத்திரி மருந்து, மல்லிகைப்பூ, பள்ளிக்கூடப் புத்தகம் என்று கேட்டதை வாங்கி வருவார், அதுதான் மாறுகிறதாம். சரி, வசதிக்குப் பழகுகிறார்கள், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு பகலில் எங்கள் மாடியில் மிஞ்சுவது இரண்டே பேர், நானும் பக்கத்து வீட்டு வள்ளியம்மாவும். பந்திங் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், லோரி ஓட்டும் மகன் கன்னையாவோடும் மருமகள் சந்திரகலாவோடும் இருந்தார். வெற்றிலை போடுவார், ரேடியோவை உரக்க வைப்பார், வாசல் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நான் கஞ்சி போட்டுத் தேய்த்த சேலையில் இருப்பதைப் பார்த்து முதல் நாளே எனக்கு மிஸி என்று பெயர் வைத்துவிட்டார், தோட்டத்து ஆஸ்பத்திரி நர்சை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். என் பெயர் சாந்தமேரி என்று திருத்தினேன். "சரி மிஸி" என்றார். தினமும் நான் குப்பை கொட்டப் போகும்போது ஒரு குத்தல் காத்திருக்கும். "என்ன மிஸி, இன்னும் பொட்டி பிரிக்கலையா? ஏரோப்ளேன் வாசல்ல வந்து நிக்குதா?" ஒரு நாள் நான், பகலில் இப்படிக் கதவைத் திறந்து போட்டிருக்கிறீர்களே, பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தாங் மிஸி. பொட்டுன்னு போயிட்டா வாசம் வர்றதுக்கு முந்தி யாருக்காச்சும் தெரியணுமில்ல? இந்த மாடியில மூக்கு இருக்கறது உங்களுக்கு மட்டுந்தானே!" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் சாறு வழியச் சிரித்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நானும் எங்கள் கதவைத் திறந்து வைக்கத் தொடங்கினேன், ஏனென்று கேட்காதே.

போன மாதம் ஒரு வேலை நாள், ஊர் கிளம்பிப் போய் அடங்கிய நேரம், ரேடியோச் சத்தம் கேட்கவில்லை. குப்பை கொட்டுகிற சாக்கில் போய்ப் பார்த்தேன். அதே நாற்காலியில், தலை ஒரு பக்கம் சாய்ந்து, தேநீர் ஆடை கட்டிப்போய் முக்காலியில். தொட்டவுடன் தெரிந்துவிட்டது, உன் அப்பாவின் கையைப் பிடித்திருந்தவள் அல்லவா நான். மகனின் எண்ணும் மருமகளின் எண்ணும் என்னிடம் இல்லை. பெர்னிசைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மாடி முழுக்கக் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே போனேன், எல்லாக் கதவிலும் பூட்டு. அந்த நீள நடையில் நின்றபோது, மார்வின், உன்னிடம் சொன்னேனே நான்கு பேர் கிடைக்க மாட்டார்கள் என்று, அந்த ஊர்தான் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எனக்கு நடக்கும் என்று நான் சொன்னது அந்த அம்மாளுக்கு நடந்துகொண்டிருந்தது. பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். அவர் துறைமுகத்துச் சத்தத்தில் கத்திக்கொண்டே, "அத்தை, அங்கேயே இருங்க, அவங்கள தனியா விடாதீங்க. ஆளுங்க வருவாங்க" என்றார். எந்த ஆளுங்க என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கண்ணை மூடிவிட்டேன், என் கைக்குட்டையால் தாடையைக் கட்டினேன், சேலையை ஒழுங்குபடுத்தினேன், ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தேன். சுவரில் அவர்கள் சாமி படங்களுக்கு முன்னால் குத்துவிளக்கு அணையும் தறுவாயில் இருந்தது. ஒரு ஆத்துமா போகும் நேரத்தில் பீடத்தில் வெளிச்சம் குறையக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம், அதனால் எண்ணெயை நிறைய விட்டு எல்லாத் திரியையும் தூண்டி ஜெகஜோதியாக வைத்தேன். அவர்கள் முறையில் வீட்டில் சாவு விழுந்தால் சாமி விளக்கை அமர்த்திப் படங்களை மூடிவிட்டு, இறந்தவரின் தலைமாட்டில்தான் விளக்கு வைக்க வேண்டும் என்பது இத்தனை வயதில் எனக்குத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் அத்தனை இந்து வீட்டுச் சாவுக்கும் போயிருக்கிறேன், எல்லாம் முடிந்து நாற்காலி போட்ட பிறகு போய் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தவள்தானே.

அப்போதுதான் ரயில் சத்தம் கேட்டுப் பால்கனிப் பக்கம் திரும்பினேன். காலை நேரத்தில் பத்து தீகாவில் யாரும் இறங்க மாட்டார்கள், ஏறத்தான் செய்வார்கள். அன்று கிள்ளான் பக்கத்திலிருந்து வந்த ரயில் நின்று, ஆட்கள் இறங்கினார்கள். துறைமுகத்து ஆரஞ்சுச் சட்டையோடு இரண்டு பேர், தொழிற்சாலைத் தொப்பியைக் கழற்றாமல் ஒரு மலாய்க்காரப் பெண், கையில் மாலைப் பொட்டலத்தோடு ஒருவர். அவர்கள் பாலத்தில் ஏறும்போதே கேஎல் பக்கத்து ரயிலும் வந்து நின்றது, அதிலிருந்தும் இறங்கினார்கள். முதலில் வீட்டுக்குள் வந்தது மூன்றாம் மாடி வீரம்மா, சுபாங்கில் ஒரு கடைத்தொகுதியில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர், அந்த உடுப்போடேயே வந்தார். பின்னாலேயே மருமகள் சந்திரகலா, பேரங்காடிச் சீருடை, பெயர் அட்டை கூட எடுக்கவில்லை. வீரம்மா விளக்கைப் பார்த்துவிட்டு, "அட யாரு இது, சாவு வீட்ல சாமி வெளக்கக் கல்யாண வீடு மாதிரி ஏத்தி வெச்சது?" என்று அதட்டினார். நான் எழுந்து நின்று, நான்தான் என்றேன். நிமிர்ந்துதான் நின்றேன். சந்திரகலா அழுதுகொண்டே மாமியார் காலடியில் உட்கார்ந்தவள், என் கைக்குட்டை கட்டியிருந்த தாடையைத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து, "விடுங்கக்கா. இருட்டுல கெடக்காம ஒரு ஆளு பக்கத்துல இருந்தாங்களே, அது போதும்" என்றாள். ஒரு அகலை எடுத்து அந்தக் குத்துவிளக்குத் திரியிலேயே பற்ற வைத்துத் தலைமாட்டுக்கு வைத்துக்கொண்டாள், அப்புறம்தான் ஒரு பூவால் சாமி விளக்கை ஒவ்வொரு முகமாக அமர்த்தினாள். வீரம்மா என்னைப் பார்த்து, "ஒக்காருங்க ஆன்டி, நீங்க ஏன் நிக்கிறீங்க?" என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அதன் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உத்தரவு போட அங்கே ஒருவருமில்லை. கேஎல்லில் கிளினிக்கில் வேலை செய்யும் பெண் தன் டாக்டரையே அழைத்து வந்துவிட்டாள். போலீசில் சொல்லி அனுமதி வாங்க ஷா ஆலத்தில் இருப்பவர் அங்கிருந்தபடியே போய்விட்டார். கிள்ளான் பக்கத்தார் புதுச் சேலையும் வாசனைத் தூளும் கொண்டு வந்தார்கள், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கட்டு வாழையிலையும் பூவும் வந்தன, கீழே சுராவ் தொழுகைக் கூடத்திலிருந்து நாற்காலிகளையும் தண்ணீர் கொதிக்கும் பானையையும் அந்தத் தொப்பிக்காரப் பெண்ணின் கணவர் தூக்கி வந்தார். எது இல்லையோ அது இருக்கும் இடத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். வெறும் பூட்டும் கொடித்துணியுமாக நான் பார்த்துக்கொண்டிருந்தேனே, அது ஊரின் பாதி கூட இல்லை, மகனே. மீதி ஊர் இரண்டு நகரத்திலும் நீள நெடுகப் பரந்து கிடந்திருக்கிறது. ஒரு அழைப்பில் அது இரண்டு பக்கமும் கையை மடக்கிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றது. திருவிழாவும் தேரும் பார்த்திருக்கிறேன், பேராலயத்தில் கர்தினால் பூசை பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றை நான் எங்கும் பார்த்ததில்லை.

கன்னையா மட்டும் வரவில்லை. அவர் லோரியோடு ரவாங்கில் இருந்தார், செய்தி கேட்டு லோரி ஓட்டக் கை வராமல் அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் ஏறியிருந்தார். ரவாங்கிலிருந்து இங்கே வருவது எவ்வளவு நீளப் பயணம் என்று உனக்குத் தெரியும். பெற்றவள் செத்த செய்தியோடு ஒரு மனிதர் முன்பின் தெரியாத கூட்டத்தில் உட்கார்ந்து வர வேண்டும். எந்தப் பெட்டி என்று யாரோ கேட்டு, அதை, மாப்பிள்ளை காலையில் செய்தி போட்ட கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அடுத்து நடந்ததை பெர்னிஸ் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நடு ஊர்களில் நின்றிருந்த நம் கட்டடத்து ஆட்கள் அந்த ரயிலுக்காகக் காத்திருந்து, ஸ்டேஷனுக்கு ஒருவராக அதே பெட்டியில் ஏறியிருக்கிறார்கள். முதலில் ஏறியவர் பக்கத்தில் உட்கார்ந்தார், அடுத்தவர் எதிரில், அடுத்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு. கேஎல் சென்ட்ரலில் பெர்னிஸ் ஏறினாள், தினமும் பெண்கள் பெட்டியைத் தவிர வேறு பெட்டியில் கால் வைக்காதவள். என்ன பேசினாய் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசலம்மா. பேசுனா அவரு பதில் சொல்லணுமே" என்றாள். இந்தப் பெண்ணை நான்தான் வளர்த்தேன், ஆனால் இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த ரயில் வந்தபோது நான் பால்கனியில் நின்றிருந்தேன். கதவு திறந்தது, முதலில் கன்னையா இறங்கினார், அவருக்குப் பின்னால் பெட்டியில் பாதி இறங்கியது. அவர் பாலத்தில் ஏறும்போது அவர் வேகத்துக்கு யாரும் முந்தாமல், பின்தங்காமல், ஒரே நடையாக வந்தார்கள்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். வேலை நாள்தான், ஆனால் அன்று இரண்டு மேடையும் காலியாகக் கிடந்தது, ரயில்கள் வந்து நின்று ஆளில்லாமல் போயின. லிப்டில் பெட்டி கொள்ளாது என்பதால் படியில்தான் இறக்கினார்கள், ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் தோள் மாற்றினார்கள், தோள் கொடுக்க முடியாமல் காத்து நின்றவர்கள்தான் அதிகம். மாப்பிள்ளைக்கு ஒரு மாடிதான் கிடைத்தது, அதில் அவருக்கு வருத்தம். எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு கன்னையா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆன்டி, அம்மா ஒங்களப் பத்தி சொல்லும். அந்த மிஸி பெரிய தலக்கனம், ஆனா கதவு தொறந்து வெக்குதுன்னு சொல்லும்" என்றார். நான் சிரித்தேன், பிறகு உள்ளே போய் அழுதேன்.

ஆகவே, மார்வின், என் பதில் இதுதான், நான் பெர்த்துக்கு வரவில்லை. நீயும் கிறிஸ்டினும் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொள்வீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உன் பக்கத்து வீட்டுக்காரர் கையசைக்கும் நல்ல மனிதர், ஆனால் அவர் பெயர் என்ன என்று நான் அங்கே வந்திருந்தபோது கேட்டேன், உனக்கே தெரியவில்லை. செராஸ் கல்லறையில் உன் அப்பா பக்கத்தில் எனக்கு இடம் இருக்கிறது, அதைவிட்டு அந்நிய மண்ணில் படுக்க எனக்கு மனமில்லை. இங்கே பகலில் இருக்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று இப்போது பல வீட்டுச் சாவிகளும் என்னிடம்தான் இருக்கின்றன, கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கிறேன், வாசலில் யாராவது தெரியாதவன் நின்றால் இங்கிலீஷில் அதட்டி அனுப்புகிறேன். எனக்கு வேலை இருக்கிறது. கோபப்படாதே. விசாவுக்கு அலைந்த அலைச்சலுக்கு என்னைத் திட்டிக்கொள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

கொலஸ்ட்ரால் மாத்திரையை விடாதே. கிறிஸ்டினிடம் என் அன்பைச் சொல், பிள்ளைகளைத் தமிழில் இரண்டு வரியாவது எழுத வை. ஆண்டவர் உங்கள் வீட்டின் மேல் தம் கையை வைத்திருப்பாராக, நீங்கள் போகும் வழியிலும் வரும் வழியிலும் அவர் கூடவே இருப்பாராக.

ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்கு ஒன்று என்று செய்தி வரும் நாளில் நீ பதறாதே, டாக்சியும் பிடிக்காதே. விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு வா, கிள்ளான் பக்கம் போகும் ரயிலில் ஏறு, எந்தப் பெட்டி என்று பெர்னிசுக்குச் சொல். வழியில் உனக்குத் தெரியாதவர்கள் ஏறி உன் பக்கத்தில் உட்காருவார்கள், ஒன்றும் பேச மாட்டார்கள். அவர்கள் இறங்கும் இடத்தில் நீயும் இறங்கு.

என்றும் உன் நலம் வேண்டும் அம்மா,
சாந்தமேரி